நம் காசில் இருந்த ராஜாவும் கால் நோயும்



சென்ற மாதம் சங்க வேலையாகப் பினாங்குக்குப் போயிருந்தோம். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனில் இறங்கியபோது கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சரி, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையை ஒரு சுற்று சுற்றி வருவோம் என்று நடந்தோம். அங்கே ஒரு பெரியவர் தரையில் துணி விரித்துப் பழைய காசுகளைக் குவித்து வைத்திருந்தார். குவியலில் கை விட்டதும் அகப்பட்டது ஒரு சதுரக் காசு. நாலு மூலையும் மழுங்கிய ஒரு காசு. நம் பாட்டியின் சுருக்குப் பையில் வெற்றிலைக் காம்போடு கிடந்ததே, அதே காசுதான்.

அந்தக் காசில் கிரீடம் வைத்த ஒரு தலை இருக்கும். அது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. அவர் ராஜா என்றும் இந்தியாவின் சக்கரவர்த்தி என்றும் சுற்றிலும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். நம் முன்னோர் ஊரில் இருந்தபோதும் அவர்தான் ராஜா. கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினாலும் அவர்தான் ராஜா. ஜார்ஜ் டவுன் என்ற பெயர் மட்டும் இவருடையதல்ல. 1786-ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவுக்கு வந்தபோது இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ஜார்ஜின் பெயர் அது. இவர் அந்த மன்னரின் வழிவந்தவர்.

தொழிற்சங்கக்காரனுக்கு ராஜா கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்த ராஜாவின் உயிரைக் கொண்டுபோன நோய் முதலில் அவருடைய காலில்தான் ஆளைக் காட்டியது. அதே நோய் நம் தோட்டத்து வீடுகளிலும் நுழைகிறது. நம் வீட்டிலும் நுழைந்தது. அதனால்தான் எழுதுகிறோம்.

சிம்பு கட்டிய பிள்ளை

ஆறாம் ஜார்ஜ் 1895 டிசம்பர் 14-ல் பிறந்தார். வீட்டில் இட்ட பெயர் ஆல்பர்ட். மூத்தவர் ஒருவர் இருந்ததால் இவர் பட்டத்துக்கு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. பிள்ளைப் பருவத்தில் நடக்கும்போது முட்டியோடு முட்டி இடிக்கும். கால் நேராக வேண்டும் என்று சிம்பு வைத்துக் கட்டினார்கள். அது வேதனையான வைத்தியம். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலது கையால் எழுத வைத்தார்கள். இதற்கிடையே பேச்சும் திக்க ஆரம்பித்தது. அரண்மனையில் பிறந்தாலும் பிள்ளைக்குச் சுகமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு கடற்படையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில், 1916 மே மாதக் கடைசியில் நடந்த ஜட்லாந்து கடற்சண்டையில் போர்க்கப்பலில் இருந்தார். 1917-ல் குடல் புண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இளமையிலேயே சிகரெட் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் அதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை. அரச குடும்பத்து ஆண்களில் அவருடைய தாத்தா, அப்பா, அண்ணன் எல்லாரும் புகைத்தவர்களே.

போருக்குப் பிறகு தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்ப்பதும், தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றுக்குத் தலைவராக இருப்பதும் அவர் வேலையாயிற்று. 1921-ல் ஒரு முகாம் தொடங்கினார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகள் 200 பேர், தொழிற்சாலைப் பையன்கள் 200 பேர், எல்லாரும் ஒரே கூடாரத்தில் தூங்கி ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். 1939 வரை இது நடந்தது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தி நம் தோட்டங்கள் வரை நீளவில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது பட்டாளம்தான் வந்தது. சுடப்பட்டுச் செத்தவர்களும் உண்டு. அதுவும் இதே ராஜாவின் ஆட்சியில்தான்.

கொடி இறங்கிய பினாங்கு

1936 டிசம்பரில் அண்ணன் எட்டாம் எட்வர்ட், தான் விரும்பிய பெண்ணுக்காக முடியைத் துறந்தார். டிசம்பர் 11-ல் தம்பி ராஜாவானார். 1937 மே 12-ல் முடிசூட்டு விழா. திக்குவாயை வைத்துக்கொண்டே, ஆஸ்திரேலியப் பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோக் துணையோடு, ஒவ்வொரு சொற்பொழிவையும் போராடிப் பேசினார். இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 செப்டம்பரில் அவர் இருக்கும்போதே லண்டன் அரண்மனையில் குண்டு விழுந்தது. ஊரை விட்டு ஓடாமல் இருந்தார் என்று அவருடைய மக்கள் அவரை மெச்சினார்கள்.

பினாங்கில் நடந்தது வேறு. அவர் பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1941 டிசம்பர் 11-ல், ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டன. கடைத்தெருவில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். சில நாளில் வெள்ளைக்காரர்கள் இரவோடு இரவாகத் தீவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். நம்மவர், சீனர், மலாய்க்காரர் எல்லாம் கைவிடப்பட்டார்கள். பத்திரிகை ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்துதான் பொறுப்பை ஏற்று, கோட்டையில் பறந்த ராஜாவின் கொடியை இறக்கி, மேலும் குண்டு விழாமல் ஊரைக் காக்கப் பாடுபட்டார். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

குன்றில் நின்ற கால்

போர் முடிந்தது. ராஜா களைத்துப் போனார். 1947-ல் இந்தியா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு சக்கரவர்த்திப் பட்டமும் போயிற்று.

அந்த 1948-ன் தொடக்கத்திலேயே அவருக்குக் காலில் குரக்கு வலி ஆரம்பித்தது. கோடைக்காலத்தில் எடின்பரோ நகரத்துக் குன்று ஒன்றில் ஏறினார். கால் ஒத்துழைக்கவில்லை. என்ன கால் இது என்று எரிச்சல்பட்டாரே தவிர, வைத்தியரைக் கூப்பிட்டுச் சரியாகப் பார்க்கவில்லை. வேலை இருந்தது, விழா இருந்தது. அக்டோபரில் இடது பாதம் நாள் முழுக்க மரத்துப் போயிற்று. இரவில் வலி தூங்கவிடவில்லை. பிறகு வலது காலுக்கும் பரவியது. நவம்பரில்தான் எடின்பரோ பேராசிரியர் ஜேம்ஸ் லியர்மந்த் வந்து பார்த்தார். நிலைமை மோசம். கால் அழுகிவிடும், வலது காலை எடுக்க வேண்டி வரலாம் என்ற பயமே வந்துவிட்டது.

அந்த நேரத்தில் மகள் எலிசபெத் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்தார். நவம்பர் 14-ல் பேரன் சார்ல்ஸ் பிறந்தான். அதுவரை மகளிடம் விஷயத்தை மறைத்தார்கள். நவம்பர் 23-ல் அரண்மனை அறிக்கை வந்தது. கால் இரத்தக் குழாய்களில் ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது, வலது பாதத்துக்கு இரத்தம் போதவில்லை என்று அதில் இருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணம் நிறுத்தப்பட்டது.

லயத்துக் குழாயைப் போல

இந்தக் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று நாம் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

இதயத்திலிருந்து இறங்கும் பெரிய இரத்தக் குழாய், தொடை வழியாக வந்து முழங்காலுக்குப் பின்னால் மடிப்பில் ஓடுகிறது. முழங்காலுக்குக் கீழே அது மூன்றாகப் பிரிகிறது. ஒன்று காலின் முன்பக்கம் இறங்கிப் பாதத்தின் மேற்புறத்துக்கு வருகிறது. இன்னொன்று கெண்டைக்காலின் உள்ளே இறங்கி, உள் கணுக்கால் மொளிக்குப் பின்னால் போய்ப் பாதத்துக்குள் நுழைகிறது. மூன்றாவது வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை ஒட்டி இறங்குகிறது. கெண்டைக்காலும் பாதமும் ஐந்து விரலும் இந்த மூன்றை நம்பித்தான் பிழைக்கின்றன.

பழைய லயத்துக்குத் தண்ணீர் வந்த விதம் நினைவிருக்கும். ஒரே குழாய், வரிசையாக வீடுகள். குழாய்க்குள் துரு ஏறிவிட்டால் முதல் வீட்டுக்குக் கொஞ்சம் வரும், கடைசி வீட்டில் சொட்டுக்கூட விழாது. காலில் கடைசி வீடு விரல். புகையும் சீனியும் இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் சேர்ந்து குழாயின் உள் சுவரில் படிவை ஏற்றுகின்றன. சும்மா இருக்கும்போது அந்தச் சிறு ஓட்டம் போதும். நடக்கும்போது சதை அதிக இரத்தம் கேட்கும், கிடைக்காது. உடனே கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். நின்றால் இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடும். மறுபடியும் அதே தூரம் நடந்தால் மறுபடியும் பிடிக்கும். இதுதான் இந்த நோயின் கையெழுத்து. முற்றினால் படுத்திருக்கும்போதே வலிக்கும், காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் கொஞ்சம் ஆறும். அதற்கு மேல் போனால் புண் ஆறாது, விரல் கறுக்கும்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள அந்த மூன்று குழாய்களும் அதிகமாக அடைபடும். அதோடு நரம்பும் மரத்துப் போவதால் வலியே தெரியாமல் நோய் முற்றிவிடும். செம்பனை முள் குத்தினாலும் தெரியாது.

ராஜாவுக்குச் செய்த வைத்தியம்

ராஜாவைப் படுக்கையில் போட்டு வாரக்கணக்கில் ஓய்வு கொடுத்தார்கள். கொஞ்சம் தேறினார். 1949 மார்ச் 12-ல் அரண்மனை அறை ஒன்றையே ஆபரேஷன் அறையாக்கி, லியர்மந்த் கத்தி வைத்தார். இடுப்புப் பக்கம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்பை வெட்டினார்கள். காலின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் சொல்லும் நரம்பு அது. அதை வெட்டினால் குழாய் சற்று விரியும், பாதம் சூடாகும். அடைப்பு அப்படியே இருக்கும். அந்தக் காலத்தில் கையில் இருந்த பெரிய வைத்தியம் அதுதான்.

அடைப்பைச் சுற்றிப் புது வழி போடும் பைபாஸ் முறையை, நோயாளியின் சொந்த நாளத்தையே எடுத்து வைத்து, பாரிசில் ஜான் குன்லின் என்ற மருத்துவர் 1948 ஜூனில்தான் முதன்முதலாகச் செய்திருந்தார். குழாய்க்குள்ளே கம்பி விட்டு அடைப்பை விரிக்கும் முறையை அமெரிக்காவில் சார்ல்ஸ் டாட்டர் 1964-ல் தொடங்கினார். ராஜாவுக்குக் கிடைக்காத இந்த இரண்டும் இன்று சாதாரணத் தொழிலாளிக்கும் கிடைக்கக்கூடியவை. காலம் பாருங்கள், எப்படித் திரும்பியிருக்கிறது!

ராஜாவின் கால் பிழைத்தது. அதே 1949 மே 4-ல் தொழிற்சங்கத் தலைவர் கணபதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு கால் காப்பாற்றப்பட்ட அதே பருவத்தில் நாம் ஒரு தலைவரை இழந்தோம். இதை மறந்துவிட்டு ராஜா கதை எழுத நம்மால் முடியாது. ஆனால் நோய்க்கு ராஜா கட்சியும் இல்லை, தொழிலாளி கட்சியும் இல்லை. அதனால் கதையைத் தொடர்கிறோம்.

கால் சொன்னதை யார் கேட்டார்?

1949 ஜூனில் படை அணிவகுப்புக்குக் குதிரையில் வர வேண்டிய ராஜா வண்டியில் உட்கார்ந்து வந்தார். மக்கள் கைதட்டினார்கள். ஆபத்து நீங்கியது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் காலில் படிந்த அதே படிவு இதயத்துக் குழாயிலும் படியும். உடம்பு முழுக்க ஒரே குழாய் வலைதான். கால் முதலில் சொன்னது, அவ்வளவுதான். 1950 செப்டம்பரில் லண்டனில் டால், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கணக்கோடு வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே, 1951 செப்டம்பர் 23-ல், ராஜாவின் இடது நுரையீரலை எடுத்தார்கள். புற்றுநோய் என்ற சொல்லை அவரிடம் சொல்லவேயில்லை என்பது பின்னால் தெரியவந்த செய்தி. நாட்டுக்கே ராஜா, தன் உடம்பின் உண்மை அவருக்குத் தெரியவில்லை.

1952 ஜனவரி 31-ல் குளிரில் தொப்பியில்லாமல் நின்று, வெளிநாடு புறப்பட்ட மகளை லண்டன் விமான நிலையத்தில் வழியனுப்பினார். பிப்ரவரி 6 விடியற்காலையில் சாண்ட்ரிங்காம் மாளிகையில் தூக்கத்திலேயே இதயக் குழாய் அடைத்து இறந்தார். வயது 56. காலில் வலி வந்து நாலே ஆண்டுகள். மகள் எலிசபெத் கென்யாவில் இருந்தபடியே ராணியானார். 1957 ஜனவரி 1-ல் ஜார்ஜ் டவுனுக்கு மாநகர் தகுதி கொடுத்தவர் அந்த ராணிதான்.

நம் வீட்டுக் கதை

இனி நம் தகப்பனார் கதை. செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். வாயில் எப்போதும் பீடி. இனிப்புநீரும் இருந்தது. ஒரு தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைப் படியில் அவரோடு ஏறினோம். கொஞ்சப் படி ஏறுவார், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வலி விட்டதும் மறுபடியும் ஏறுவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழே போய் ஒரு பீடி பிடிக்கலாமா என்று அவர் மனசு அடித்துக்கொண்டதை நாம் பார்த்துச் சிரித்தோம். வயசாகிவிட்டது, வாதம் என்று சொல்லிக்கொண்டோம்.

ஒரு வருஷம் தைலம் தேய்த்தோம். கால் சில்லிட்டுப் போகிறது என்று சுடுதண்ணீர் போத்தல் வைத்தோம். மரத்த காலில் சூடு தெரியவில்லை, தோல் வெந்துவிட்டது. அந்தப் புண் ஆறவேயில்லை. விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். மூன்றாம் வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இதில் குறை சொல்ல வேறு யாரும் இல்லை. அன்பினாலே நாமே செய்தோம். ராஜாவின் கதையைப் படித்தபோது நம் நெஞ்சைக் குத்தியது இதுதான். அவருக்குக் குன்று, இவருக்குத் தண்ணீர்மலை. இரண்டு பேருடைய காலும் நேரத்தோடு சொன்னது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது

2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்குப்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். நம் இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இது நம் வீட்டுக் கணக்கு, தோழர்களே.

இன்றிரவு பூட்ஸைக் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்கையும் அடிப்பாதத்தையும் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தின் மேற்புறத்திலும், உள் கணுக்கால் மொளிக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் பயந்துவிட வேண்டாம், சிலருக்கு எளிதில் அகப்படாது. டாக்டரிடம் சொல்லிச் சரிபாருங்கள். நடந்தால் பிடித்து நின்றால் விடும் வலி, ஒரு கால் மட்டும் சில்லிடுவது, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். விரல் கறுத்தாலோ, கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு வலித்தாலோ அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரி. கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் ஒரு சோதனை உண்டு. ஊசியில்லை, வலியில்லை. கணுக்கால் அழுத்தம் கை அழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் குறைந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சோதனையைக் கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.

புகையை விடுங்கள். குறைப்பது போதாது, விட வேண்டும். மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். ஆறாத புண் இல்லையென்றால் டாக்டர் சொற்படி நடக்கலாம். வலி வரும்வரை நடந்து, நின்று, திரும்ப நடந்தால் பக்கத்துச் சிறு குழாய்கள் மெல்ல வழிவிடும். மரத்த காலில் சுடுதண்ணீர் மட்டும் வைக்காதீர்கள். நாம் வைத்துப் பட்டது போதும்.

அந்தச் சதுரக் காசை வாங்கி வந்து சங்க அலுவலக மேசையில் வைத்திருக்கிறோம். கால் வலிக்கிறது, வயசுதானே என்று சொல்லிக்கொண்டு வரும் தோழர்களிடம் அதை எடுத்துக் காட்டி இந்தக் கதையைச் சொல்கிறோம். போன வாரம் ஒருவர் கதையைக் கேட்டுவிட்டு, பையிலிருந்த சிகரெட் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். நேரே கிளினிக்குக்குத்தான் போனார் என்று அவர் வீட்டு அம்மா நேற்றுச் சொன்னார்.